ஆரல்வாய்மொழிக் காற்றும் ஏலூர் ஹைட்ரஜனும்

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்கு ஹைட்ரஜனை முதலில் காட்டியவர் ஒரு பலூன்காரர். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம். தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் இரும்பு உருளையை நிறுத்தி, அதைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி வைத்திருப்பார். பையிலிருந்து நசுங்கிய அலுமினியப் பாத்திரத் துண்டுகளை எடுத்து உள்ளே போடுவார். பிறகு வெள்ளைச் செதில்களாகக் காஸ்டிக் சோடா. பிறகு தண்ணீர். மூடியைத் திருகி முடிப்பதற்குள் உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்கும், சாக்கிலிருந்து ஆவி கிளம்பும். அத்தனை நேரமும் காதில் செருகிய பீடியை அவர் தொடவே மாட்டார். அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்துப் பத்தடி தள்ளி நிறுத்துவார். பலூன் கைக்கு வந்ததும் பயமெல்லாம் போய்விடும்.

பிற்காலத்தில் மின்துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பலூனின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ அலுமினியம் காஸ்டிக் சோடாவில் கரைந்தால் சுமார் 110 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும். அந்த ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கி எடுக்க ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கும். இந்தியாவில் முதன்முதலில் அலுமினியம் வார்த்தது ஆலுவா அருகே ஆலுபுரத்தில், 1943இல். அதற்கு மின்சாரம் வந்தது மூணாற்றுக்குக் கீழே 1940இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் நிலையத்திலிருந்து. எங்கள் பலூன்காரரின் ஓட்டைப் பாத்திரமும் ஆலுபுரத்துச் சரக்காக இருந்திருந்தால், நான் நூல் கட்டிப் பிடித்திருந்தது மூணாற்று மழையைத்தான்.

இன்றைய பேச்சில் நான் சொல்லப்போவது அனேகமாக இதுவேதான். பூமியைத் தோண்டி ஹைட்ரஜனை எடுக்கிற இடங்கள் மிக அரிது. கரியமில வாயு இல்லாமல், அதாவது ‘பசுமை’யாக, வேண்டுமானால் மின்சாரத்தைக் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டும். அப்படியிருக்க, மின்சாரத்தை வெளியில் வாங்கிப் பிழைக்கும் ஒரு மாநிலம் ஹைட்ரஜனுக்கு எப்படித் திட்டம் போட வேண்டும்?

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதமர் 2021 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ஹைட்ரஜன் இயக்கத்தை அறிவித்தார். 2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி அதற்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்பது இலக்கு. அடுத்த மாதமே கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபால் தம் பட்ஜெட்டில் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் பசுமை ஹைட்ரஜன் மையங்கள் அமைக்க இரண்டு ஆண்டுகளில் 200 கோடி ரூபாய் என்று அறிவித்தார். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நாட்டில் நான்கு ‘ஹைட்ரஜன் பள்ளத்தாக்கு’களைத் தேர்ந்தெடுத்தபோது புனே, ஜோத்பூர், புவனேசுவரத்தோடு கேரளத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. அது சுமார் 133 கோடி ரூபாய்த் திட்டம். 2025 மார்ச்சில் ஹைட்ரஜன் பேருந்துகளையும் லாரிகளையும் ஓட்டிப் பார்க்க நாடு முழுவதும் பத்து வழித்தடங்களை அறிவித்தார்கள். திருவனந்தபுரம்–கொச்சி அவற்றில் ஒன்று. மாநிலத்தின் சார்பில் இதையெல்லாம் கவனிக்கும் அனெர்ட் நிறுவனம் இதே ஊரில்தான் இருக்கிறது.

அறிவிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2040க்குள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், 2050க்குள் கார்பன் சமநிலை என்று கேரளம் தனக்கே கெடு வைத்துக்கொண்டிருக்கிறது. மத்தியில் ஐந்தாண்டுத் திட்டங்கள் 2017இல் பன்னிரண்டாவதோடு முடிந்துபோயின. கேரளம் விடவில்லை, பதினான்காவது திட்டத்தில் இருக்கிறது. திட்டமிடும் பழக்கம் உள்ள மாநிலம் என்பதால்தான் இங்கே நின்று கணக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க, இன்றைய மின்பகுப்பு எந்திரங்களுக்கு 50 முதல் 55 யூனிட் வேண்டும். நான் 52 என்று வைத்துக்கொள்கிறேன். யூனிட் 5 ரூபாய் என்றால் மின்சாரத்துக்கு மட்டும் 260 ரூபாய். எந்திரத்தின் விலை, அழுத்திச் சேமிக்கும் செலவு, வட்டி எல்லாம் அதற்கு மேல். மத்திய அரசு ஒரு கிலோவுக்குத் தரும் ஊக்கத்தொகை முதல் ஆண்டில் அதிகபட்சம் 50 ரூபாய், பிறகு 40, பிறகு 30. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது இதைவிட வெகு மலிவு. ஆனால் ஒரு கிலோவுக்கு ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறும். நம் நாட்டில் ‘பசுமை’ என்ற பெயர் வேண்டுமானால் அது இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் விதி வந்தது.

இப்போது நம் கையிருப்பைப் பார்ப்போம். கேரளம் செலவழிக்கும் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. 2024 மே தொடக்கத்தில், அந்தப் புழுக்கத்தில், இரவு நேர உச்சத் தேவை ஏறக்குறைய 5,800 மெகாவாட்டைத் தொட்டது. ஏ.சி.யை 26 டிகிரியில் வையுங்கள் என்று மாநில மின்வாரியமான கே.எஸ்.இ.பி. கெஞ்சியது உங்களுக்கு நினைவிருக்கும். பகலில் கூரைகளின் மேல் சூரிய மின்சாரம் பெருகிவிட்டது, உண்மைதான். ஆனால் சூரியன் மறைந்த பிறகு வெளியில் வாங்குகிற யூனிட்டின் விலையைக் கேட்டால் இந்த ஊர்ப் பட்டம் பகுதியில், வாரியத் தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிகளுக்கு வியர்க்கும்.

பகல் உபரியில் ஹைட்ரஜன் செய்யலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய எந்திரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் மட்டும் ஓடினால், வட்டி பத்தொன்பது மணி நேரம் சும்மா ஓடும். அதுதான் சிக்கல். மழைக்காலத்து உபரிக்கும் இதே பதில்தான். 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்துச் செறுதோணி அணையின் மதகுகளைத் திறந்துவிட்ட தண்ணீரைப் பார்த்து, இதெல்லாம் வீணாகிறதே என்று நானும் வயிறெரிந்தவன். ஆனால் எத்தனையோ ஆண்டுகளில் ஒரு தடவை வரும் வெள்ளத்தை நம்பி எவரும் ஆலை கட்ட மாட்டார்கள்.

இனி ஏலூருக்குப் போவோம். இந்தச் சொற்பொழிவின் மையமே அந்த ஊர்தான்.

ஆலுவாவைத் தாண்டிப் பெரியாறு இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் தொழிற்பேட்டை அது. அங்கே ஹைட்ரஜன் 1947 முதல் இருக்கிறது! ஃபாக்ட் என்று எல்லோரும் அழைக்கும் திருவிதாங்கூர் உர ரசாயன நிறுவனத்தை 1943இல் தொடங்கியவர்கள் திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள். திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலம், போர்க்காலப் பஞ்சம், நெல்லுக்கு உரம் வேண்டும். அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் வேண்டும். நிலக்கரி இங்கே கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? விறகு. திருவிதாங்கூர்க் காட்டு விறகை எரித்து வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து, அம்மோனியம் சல்பேட் செய்தார்கள். இன்றைய வழக்கில் அதற்கு ‘உயிர்க்கழிவு ஹைட்ரஜன்’ என்று பெயர் சூட்டி மாநாடு போடலாம். அன்றைக்கு யாரும் அதைப் பசுமை என்று சொல்லவில்லை. காடு போனது போனதுதான்.

விறகுக்குப் பின் எண்ணெயிலிருந்து எடுக்கும் முறைகள் வந்தன. இன்று கொச்சியின் புதுவைப்பு முனையத்தில் இறங்கும் திரவ எரிவாயு. 1998இல் ஃபாக்டின் ஏலூர் வளாகமான உத்யோகமண்டலில் நாளொன்றுக்கு 900 டன் அம்மோனியா செய்யும் ஆலை ஓடத் தொடங்கியது. இந்த ஆலையின் ஹைட்ரஜனை முழுவதும் மின்பகுப்பால் செய்வதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு டன் அம்மோனியாவில் சுமார் 178 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. 900 டன்னுக்கு 160 டன். கிலோவுக்கு 52 யூனிட் வீதம் ஒரு நாளைக்கு 83 லட்சம் யூனிட். ஆலை ஆண்டுக்கு 330 நாள் ஓடினால் 274 கோடி யூனிட்.

இடுக்கி அணையைப் பார்க்காதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். 780 மெகாவாட், 1976இல் இந்திரா காந்தி தொடங்கிவைத்தது, கேரளத்தின் ஆகப்பெரிய மின்நிலையம். அதன் திட்டமிட்ட ஆண்டு உற்பத்தி சுமார் 240 கோடி யூனிட்.

நான் இந்தக் கணக்கை முதலில் போட்டபோது எங்கோ ஒரு சுன்னம் பிசகிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். பிசகவில்லை. ஒரேயொரு உர ஆலையின் ஒரேயொரு அம்மோனியா பிரிவைச் சுத்தமாக்க ஓர் இடுக்கி போதாது. அம்பலமுகலில் இருக்கும் பாரத் பெட்ரோலியத்தின் சுத்திகரிப்பு ஆலை டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்துகிறது. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலில் 1960களின் தொடக்கத்தில் தண்ணீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுத்து உரம் செய்தார்கள், கூடவே கனநீரும். நேரு காலத்துப் பசுமை ஹைட்ரஜன் என்றே சொல்லலாம். பிறகு பஞ்சாபில் பம்புசெட்டுகள் பெருகின, வீடுகளுக்கு விளக்கு வந்தது, மின்சாரத்துக்கு அடிபிடி. 1970களின் இறுதியில் அதே நங்கலில் எரியெண்ணெயைக் கொண்டு அம்மோனியா செய்யும் ஆலை எழுந்தது. நம் ஆலுபுரத்திலும் இதே கதைதான். மின்செலவு கட்டுப்படியாகாமல் அங்கே அலுமினியம் உருக்குவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. மின்சாரத்தை மூட்டை மூட்டையாக விழுங்கும் தொழில், வீட்டு விளக்கோடும் வயலோடும் போட்டியிட்டு நீடித்ததில்லை.

ஆகவே கேரளத்தில் பெரிய அளவில் ஹைட்ரஜன் உற்பத்தி என்று யாராவது பேசினால் நான் நம்புவதில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

பேருந்துக்கு வருகிறேன். ஹைட்ரஜன் பேருந்து நூறு கிலோமீட்டருக்குச் சுமார் எட்டு கிலோ ஹைட்ரஜன் குடிக்கும். அது 416 யூனிட். அழுத்தி நிரப்பும் மின்சாரம் தனி. இந்த ஊர்த் தெருக்களில் இப்போது ஓடுகிற பேட்டரிப் பேருந்துக்கு அதே தூரத்துக்கு 120, 130 யூனிட் போதும். மூன்று மடங்கு மின்சாரம் செலவழித்து ஒரே இடத்துக்குப் போவானேன்? கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் போக ஹைட்ரஜன் தேவையே இல்லை. இருநூறு கிலோமீட்டர் கொச்சிக்குப் போகும் வண்டிக்கு, பாரம் ஏற்றிய லாரிக்கு வேண்டுமானால் ஒரு வாதம் உண்டு. அதையும் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சோதனை ஓட்டம் அதற்குத்தானே?

எதற்கு ஹைட்ரஜன், எதற்குப் பேட்டரி என்பதைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிகலத்தோடு இந்தியாவிலேயே கட்டிய முதல் படகு அங்கேதான் உருவானது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவிலிருந்து பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். படகு போனது காசிக்கு, கங்கையில் ஓட. அதே தளம் கொச்சி நீர் மெட்ரோவுக்குக் கட்டிக்கொடுத்த படகுகள் எல்லாம் பேட்டரியில் ஓடுகின்றன. பத்து நிமிடத்தில் அக்கரை போய் ஜெட்டியில் செருகிச் சார்ஜ் செய்துகொள்ளும் படகுக்குப் பேட்டரிதான் சரி.

ஆனால் திருவனந்தபுரம்–கொச்சிச் சோதனைப் பேருந்துகளுக்கு ஹைட்ரஜன் எங்கிருந்து வர வேண்டும் என்பதில் எனக்கு ஒரு யோசனை உண்டு. ஏலூரில் ஃபாக்டுக்கு அருகிலேயே மாநில அரசின் திருவிதாங்கூர்–கொச்சி ரசாயன ஆலை இருக்கிறது. டி.சி.சி. என்றால்தான் ஆலுவாக்காரர்களுக்குத் தெரியும். உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது ஹைட்ரஜன் தானாகவே வரும், வேண்டாம் என்றாலும் வரும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 25 கிலோ. நாளொன்றுக்கு 200 டன் செய்யும் ஆலை என்றால் ஐந்து டன் ஹைட்ரஜன். இப்படிப்பட்ட ஆலைகளில் அதில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் போகும், ஒரு பங்கை உருளைகளில் அடைத்து விற்பார்கள், மிச்சம் கொதிகலனில் எரியும். நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடும் பேருந்து ஒன்றுக்குப் பதினாறு கிலோ போதும். கொதிகலனில் எரிவதில் ஒரு கால்வாசியை எடுத்தாலே சோதனைக்கு விட்ட வண்டிகள் அத்தனையும் ஓடும். இதற்குப் பசுமை முத்திரை கிடைக்குமா என்பது அந்த ஆலை வாங்கும் மின்சாரத்தைப் பொறுத்தது. முத்திரை கிடைக்காவிட்டால்தான் என்ன? எந்திரங்களைப் பழகவும், ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம் வரவும் அது போதும்.

நெடும்பாசேரி விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கொச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2015 ஆகஸ்டில் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் ஆனது அது. 2024 பிப்ரவரியில் பாரத் பெட்ரோலியத்தோடு சேர்ந்து 1,000 கிலோவாட் ஹைட்ரஜன் நிலையம் அமைக்க ஒப்பந்தம் போட்டது. நாள் முழுவதும் ஓடினாலும் ஒரு நாளைக்கு 460 கிலோ வரும். அளவு சின்னது, இடம் சரியானது, மின்சாரமும் சொந்தம். இந்த மாதிரி முயற்சிக்கு நான் கைதட்டுவேன்.

அப்படியானால் திருவனந்தபுரம் மையத்தில் என்ன செய்வது?

இந்த ஊருக்கு ஹைட்ரஜன் புதிதல்ல. இந்த அரங்கிலேயே அதைக் கையாண்டு ஓய்வுபெற்றவர்கள் சிலர் இருக்கக்கூடும். நெடுமங்காட்டுப் பக்கம் வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துகை மையம் இருக்கிறது. மைனஸ் 253 டிகிரியில் திரவமாகும் ஹைட்ரஜனை எரித்து ராக்கெட்டைத் தள்ளும் கிரையோஜெனிக் எஞ்சினை அங்கே வடிவமைத்தார்கள். சோதித்தது நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். 2010 ஏப்ரலில் உள்நாட்டு எஞ்சினுடன் போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி–5 சரியாகப் போய்ச் சேர்ந்தது. இடையில் இருந்த அந்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் வால்வு, பம்பு, பேரிங், கசிவு சம்பந்தப்பட்டது. மகேந்திரகிரியில் 2013இல் டாடா மோட்டார்சுடன் சேர்ந்து ஒரு ஹைட்ரஜன் பேருந்தை ஓட்டிக்கூடக் காட்டினார்கள். 2024 ஜனவரியில் தும்பாவின் விக்ரம் சாராபாய் மையம் செய்த எரிகலம் விண்வெளியில் வைத்து மின்சாரம் தந்தது.

ஹைட்ரஜனின் குணம் அப்படிப்பட்டது. மூலக்கூறு மிகச் சிறியது, எந்த இணைப்பிலும் நுழைந்து வெளியே வரும். நிறமில்லை, மணமில்லை. பகலில் அது எரிந்தால் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே பற்றும், எழுபத்தைந்து வரை பற்றிக்கொண்டே இருக்கும். சில வகை எஃகுக்குள் ஊறி அதை மொரமொரவென்று ஆக்கிவிடும். பீடியைக் காதில் வைத்திருந்த பலூன்காரருக்கு இந்தப் பாடம் புத்தகமில்லாமலே தெரிந்திருந்தது. நாடு முழுவதும் ஹைட்ரஜன் நிலையங்கள் வரப்போகின்றன என்றால், வால்வையும் குழாயையும் கசிவுணரியையும் தொட்டியையும் சோதித்துச் சான்று தர ஓர் இடம் வேண்டும். அதற்கு இதைவிடத் தகுந்த ஊர் எனக்குத் தெரியவில்லை. இருநூறு கோடியில் திருவனந்தபுரத்தின் பங்கை மின்பகுப்பு எந்திரம் வாங்குவதில் போடாதீர்கள். சோதனைச் சாலை கட்டுங்கள். ஐ.டி.ஐ.யில் ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்குங்கள். ஓர் எந்திரம் பதினைந்து ஆண்டில் பழசாகிவிடும். கைத்திறன் அதன் பிறகும் ஊரில் நிற்கும்.

பெரிய அளவு ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கலாம். இப்போது நான் பிறந்த பக்கத்துக்கு வருகிறேன்.

1956 நவம்பர் 1 அன்று இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் எங்கள் நான்கு தாலுக்காக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அன்றைக்கு இந்தப் பக்கத்தில் பலர் வருந்தியது நாஞ்சில் நாட்டு நெல்லுக்காக. களஞ்சியம் போயிற்றே என்றார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை மனிதனைத் தள்ளிக்கொண்டு போகும் காற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் காற்றுக்குப் பயந்து மேற்குச் சன்னலைத் திறக்கவே மாட்டார்கள், திறந்தால் சோற்றில் மணல். அந்தக் காற்றில்தான் இன்று முப்பந்தலில் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் சுற்றுகின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கேரளத்துக்கு ராமக்கல்மேடும் கஞ்சிக்கோடும் அகளியும் மட்டும் மிஞ்சின.

கணவாய்க்கு அப்பால் தூத்துக்குடி. காண்ட்லா, பாரதீப்போடு சேர்த்து வ.உ.சி. துறைமுகத்தையும் ஹைட்ரஜன் மையமாக மத்திய அரசு தேர்ந்தெடுத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் அங்கே ஒரு சிறிய மாதிரி நிலையம் திறந்தார்கள். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளை எரிக்கும் அளவுக்கு. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் சிங்கப்பூரின் செம்கார்ப் 36,238 கோடி ரூபாய்க்குப் பசுமை ஹைட்ரஜன் ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் என்பது கட்டடம் அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் விலை இறங்குகிறது. 2025இல் மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம் 13 உர ஆலைகளுக்காக ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியா வாங்க ஏலம் விட்டபோது, ஒரு கிலோ 50 முதல் 65 ரூபாய்க்குள் தருகிறோம் என்று நிறுவனங்கள் முன்வந்தன. அதற்கு ஓராண்டுக்கு முன் யாராவது இந்த விலையைச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஹைட்ரஜனாகக் கொண்டுவருவது கடினம். அம்மோனியாவாக்கினால் சுலபம், மைனஸ் 33 டிகிரியில் திரவம், கப்பலில் ஏற்றலாம். அதை இறக்கும் வசதி கொச்சி வில்லிங்டன் தீவில் ஃபாக்டிடம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்து சம்பக்கர, உத்யோகமண்டல் கால்வாய்கள் வழியாக அம்மோனியாவைப் படகில் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. ஆகவே தூத்துக்குடியில் காற்றும் வெயிலும் அம்மோனியா ஆகட்டும். குமரிமுனையைச் சுற்றிக் கப்பலில் கொச்சிக்கு வரட்டும். ஏலூரில் உரமாகட்டும். ஃபாக்டின் தேவையில் பத்தில் ஒரு பங்கை இப்படி வாங்குவதாக நீண்டகால ஒப்பந்தம் ஒன்று போட்டாலே, வெறும் உற்பத்தி அறிவிப்புகள் பத்து செய்ய முடியாததை அது செய்யும். வாங்க ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் வங்கி கடன் கொடுக்கும். உற்பத்தி அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் உதாரணம் உண்டு. தெற்கு ஆஸ்திரேலிய அரசு வையல்லாவில் தன் பணத்திலேயே ஹைட்ரஜன் நிலையம் கட்டப் புறப்பட்டு 2025 பிப்ரவரியில் கிடப்பில் போட்டது. அதே மாதம் குவீன்ஸ்லாந்து அரசு இன்னொரு பெரிய திட்டத்திலிருந்து கையைக் கழுவியது. வெயிலும் நிலமும் கொட்டிக் கிடக்கும் நாடு அது.

ஏலூர் மக்களை மறந்து இதையெல்லாம் பேசக் கூடாது. பெரியாற்றில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்தே வளர்ந்த தலைமுறைகள் அங்கே உண்டு. வில்லிங்டன் தீவின் அம்மோனியாத் தொட்டி 1990களில் கேரள உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு. கப்பலில் கூடுதல் அம்மோனியா வருகிறது என்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி கார்பனைப் பற்றி இருக்காது, கசிவைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் திட்ட ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், பின்னிணைப்பில் அல்ல.

விழிஞ்ஞத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம், உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வந்துபோகின்றன. அந்தக் கப்பல்கள் ஒருநாள் அம்மோனியாவோ மெத்தனாலோ கேட்கலாம். ஆனால் 2025 அக்டோபரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கார்பன் விதிகளின் மீதான முடிவை ஓராண்டு தள்ளிப்போட்டுவிட்டதால், அவசரப்பட்டுத் தொட்டி கட்ட வேண்டாம், இடத்தை மட்டும் ஒதுக்கி வைத்தால் போதும்.

கேரளம் தன் எல்லைக்கு வெளியே செய்த ஹைட்ரஜனை வாங்குவதா என்று சிலருக்குச் சுருக்கென்று இருக்கலாம். அரிசி வாங்குகிறோம், காய்கறி வாங்குகிறோம், மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு வாங்குகிறோம். தமிழ்நாடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அந்தச் சண்டை தனி. இரண்டு மாநிலங்களும் நீதிமன்றத்தில் மட்டும் சந்தித்துக்கொள்ளாமல் ஒரு வியாபாரத்திலும் சந்தித்தால் என்ன குறைந்துவிடும்?

பதினான்காவது திட்டம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த திட்டத்துக்கான பணிக்குழுக்களைப் பட்டத்திலுள்ள திட்டக்குழு அமைக்க வேண்டும். மின்வாரியத்தின் தலைமையகமும் அதே பட்டத்தில்தான் இருக்கிறது. என் வேண்டுகோள் சின்னது. ஹைட்ரஜன் குழுவில் விஞ்ஞானிகளும் முதலீட்டாளர்களும் இருக்கட்டும். கூடவே களமசேரி சுமை பகிர்வு மையத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பொறியாளரையும், ஏலூர் ஊராட்சிக் காலத்திலிருந்து அங்கே குடியிருக்கும் ஒருவரையும், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஒருவரையும் உட்கார வையுங்கள். எத்தனை டன் என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், அடைப்புக்குறிக்குள் எத்தனை யூனிட், அது யாருடைய யூனிட் என்றும் எழுதச் சொல்லுங்கள்.